அவள் பார்த்த பக்கம்

பெண்களுக்குச் சக்களத்தி என்று ஒரு சொல் இருக்கிறது. வாய் நிறைய வைவதற்கு வசதியான சொல். எனக்கு வாய்த்தவரைச் சொல்லத் தமிழில் ஒரு சொல்லும் கிடையாது. சகலை என்று சொல்லிப் பார்த்தேன், அது வேறு உறவு. கடைசியில் மூத்தவர் என்று வைத்துக்கொண்டேன். கோபம் வந்தால் அவன்.

மூத்தவர் என் மனைவியின் முதல் கணவர். தபால்காரர். கல்யாணமான சில வருடங்களிலேயே காய்ச்சல் கண்டு இறந்துபோனார். அவருடைய படத்துக்குச் சட்டம் போடத்தான் அவள் முதன்முதலில் என் கடைக்கு வந்தாள், கையில் மூன்று வயதுப் பெண்ணைப் பிடித்துக்கொண்டு. படங்களுக்குச் சட்டமும் கண்ணாடியும் போடுவது என் தொழில். தினம் பத்துப் பேர் படத்தோடு வருவார்கள், மேஜைமேல் போட்டுவிட்டு விலை கேட்பார்கள். இவள் தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போல அந்தப் படத்தைக் கிடத்தினாள். எனக்கு வயிறு எரிந்தது. அப்போது அவள் யாரோ, நான் யாரோ. யாரோ ஒருத்தி தன் புருஷன் படத்தை எப்படி வைத்தால் எனக்கென்ன? ஆனாலும் எரிந்தது.

பிறகு, சட்டம் கோணலாக இருக்கிறது என்று வந்தாள். இன்னொரு நாள், கண்ணாடியில் கீறல் என்றாள். அடுத்த தடவை, கொக்கி தளர்ந்துவிட்டது என்றாள். கொக்கி இரும்பு மாதிரி நின்றது. நானும் வேறு கொக்கி போட்டேன், டீ வரவழைத்தேன். அந்தக் குழந்தை என் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து அட்டைத் துண்டுகளை அடுக்கியது. "கடைக்காரரே, இன்னொரு துண்டு" என்று அதிகாரம் பண்ணியது. அவள் அம்மாவை நான் கல்யாணம் செய்துகொண்ட பிறகும் அந்தப் பெண்ணுக்கு நான் கடைக்காரர்தான். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. அவள் கூப்பிடும்போது அந்தச் சொல்லில் ஒரு சொந்தம் இருக்கும்.

மூத்தவர் படம் எங்கள் கூடத்தில்தான் வெகுகாலம் தொங்கியது. நானே துடைத்துமிருக்கிறேன். உயிரோடு இருக்கிறவன் நான், ஜெயித்தவன் நான், துடைத்தால் என்ன குறைந்துவிடும் என்ற பெருந்தன்மை. பெண் கல்யாணமாகிப் போகும்போது படத்தையும் தன்னோடு கொண்டுபோனாள். என் சுவர் எனக்குக் கிடைத்தது என்று அன்றைக்கு உள்ளுக்குள் கொட்டு கொட்டிக்கொண்டேன்.

போன வருடக் கடைசியில் என் மனைவி இறந்தாள். "நிம்மதியா போய்ச் சேந்துட்டாங்க" என்று துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். யாரிடம் போய்ச் சேர்ந்தாள் என்பதுதான் என் கவலை. இத்தனை காலம் நாங்கள் இருவர் ஒரு பக்கம், அவர் தனியாக ஒரு பக்கம். இப்போது அவர்கள் இருவர் ஒரு பக்கம். நான் மட்டும் இங்கே நின்று பால் காய்ச்சிக்கொண்டிருக்கிறேன்.

சரி, அவள் பழக்கங்களாவது எனக்கு மிச்சம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். துண்டை மூன்றாக மடிப்பாள், நானும் மூன்றாக மடித்தேன். தேய்ந்த சோப்புத் துண்டைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டவைப்பாள், நானும் ஒட்டவைத்தேன். வெளியே போய்த் திரும்பினால் பூட்டைத் திறந்த பிறகு கதவில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பாள். காலி வீட்டுக் கதவை எதற்குத் தட்டுகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "பல்லி, பூச்சி எல்லாம் ஒதுங்கிக்கட்டுமே" என்றாள். அவள் போன பிறகு ஒருநாள்கூட நான் தட்டாமல் நுழைந்ததில்லை. அவள் விட்டுப்போனதில் இதெல்லாம் எனக்கு மட்டுமே தெரிந்தது, எனக்கு மட்டுமே சொந்தமானது என்று ஒரு திமிரே இருந்தது.

அந்த நேரத்தில்தான் பெண் வந்தாள். அவள் வேறு ஊரில் பல் டாக்டர். லீவு போட்டுவிட்டு, பெட்டியும் கையுமாக நேரே கடைக்கே வந்து நின்றாள்.

"கடைக்காரரே, ஒரு ஆர்டர்."

மேஜைமேல் இரண்டு படங்களை வைத்தாள். ஒன்று மூத்தவர், என் பழைய சட்டத்துக்குள். இன்னொன்று என் மனைவி.

"அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்த படம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதுலயும் அப்பா கண்ணை மூடிட்டு இருக்கார்."

அதைக் கேட்டு எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. அது நிலைக்கவில்லை.

"அதனால இந்த ரெண்டையும் ஒரே சட்டத்துல போட்டுத் தாங்க. அம்மா இந்தப் படத்துல வலது பக்கம் பார்த்துச் சிரிக்கிறாங்க பாருங்க. அப்பாவை அந்தப் பக்கம் போட்டீங்கன்னா, அவரைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரியே இருக்கும்."

அந்தப் படம் இவளுடைய கல்யாணத்தன்று எடுத்தது. மண்டபத்து நாற்காலியில் அம்மாவைத் தனியாக உட்காரவைத்து எடுத்தார்கள். போட்டோகிராபர் கேமராவைப் பாருங்கள், கேமராவைப் பாருங்கள் என்று கெஞ்சினார். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். அவளுடைய கைப்பையை நான் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தேன், மணி கோத்த வெள்ளைப் பை. வந்தவர்களை வரவேற்கிற மும்முரத்தில் அது என் தோளில் தொங்குவதே எனக்கு மறந்துபோயிருந்தது. கைகுலுக்க வேண்டியவர்கள் எல்லாம் பையைப் பார்த்துவிட்டுக் கைகுலுக்கினார்கள். அதைப் பார்த்துத்தான் அவள் அப்படிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு வந்த சிரிப்பு. அதைக் கொண்டுபோய் அவன் முகத்துக்கு நேரே வைப்பதா? அதையும் என் கையாலேயே?

"அவரை இடது பக்கம் போட்டா நல்லா இருக்கும்" என்றேன்.

"அம்மா முகத்தைத் திருப்பிக்கிட்ட மாதிரி ஆயிடுமே. வேணும்னா அம்மா படத்தைத் திருப்பிப் பிரிண்ட் போட்டுக்கலாம்."

"உங்கம்மா மச்சம் அடுத்த கன்னத்துக்குப் போயிடும்."

"ஆமால்ல" என்று அவள் யோசித்தாள். "அப்ப வலது பக்கம்தான்."

ஒரே வரியில் சொல்லியிருக்கலாம், பாப்பா, அவ என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறா என்று. அம்மாவைப் பறிகொடுத்து நிற்கிற பெண்ணிடம் போய், இந்தச் சிரிப்பு என் பாத்தியதை என்று வழக்காடுவதா? கண்ணாடி ஸ்டாக் இல்லை என்று மட்டும் சொன்னேன். எனக்குப் பின்னால் கண்ணாடி சுவர் நீளத்துக்கு அடுக்கியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனோம். நான் பூட்டைத் திறந்து கதவில் இரண்டு தட்டு தட்டினேன். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நீங்களும் தட்டுறீங்களா?"

"உங்கம்மா பழக்கம்."

"அப்பா பழக்கம்" என்றாள், சிரித்துக்கொண்டே, கண் கலங்கிக்கொண்டே. "தபால் குடுத்துக் குடுத்து, சொந்த வீட்டுக் கதவைக்கூட ரெண்டு தட்டு தட்டிட்டுத்தான் உள்ள வருவாராம். அம்மா சொல்லியிருக்காங்க."

நான் செருப்பைக் கழற்றினேன். அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. குளியலறையில் கைகால் கழுவிவிட்டு அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"துண்டு மூணு மடிப்பு! இதுவும் அப்பாதான். கடுதாசி மடிக்கிற மாதிரி மடிப்பாராம்."

"சோப்பு?" என்றேன். கேட்டிருக்கவே கூடாது.

"ஒட்டவெச்சிருக்கீங்களா? ஐயோ, அதுவும் அவரேதான். உங்ககிட்ட அம்மா சொல்லவே இல்லையா?"

"இல்ல."

"சொன்னா அப்புறம் நீங்க அவங்களை எதையும் செய்யவிட மாட்டீங்கன்னு சொன்னாங்க. நிஜமாவே கடைசிவரைக்கும் சொல்லலையா?"

நிஜமாகவே சொல்லவில்லை. கெட்டிக்காரி. பல்லி, பூச்சி என்று என் காதில் பூச்சுற்றிவிட்டுப் போயிருக்கிறாள். மாதக்கணக்கில் நான் அவள் நினைவு என்று நெஞ்சில் வைத்துத் தாங்கியதெல்லாம் அவன் நினைவு. அவன் துண்டை மடித்திருக்கிறேன், அவன் சோப்பை ஒட்டியிருக்கிறேன், அவனுக்காகக் கதவைத் தட்டியிருக்கிறேன். முழு ஏமாளி.

மறுநாள் பெண் தன் மாமியார் வீட்டுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது படத்தை எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். அவள் தலை மறைந்ததும் நான் அவனை வீட்டைவிட்டு வெளியேற்ற ஆரம்பித்தேன். துண்டுகளை எல்லாம் பிரித்து இரண்டாக மடித்தேன். அலமாரித் தட்டில் அவை அடங்கவில்லை, பிதுங்கிக்கொண்டு நின்றன. பிதுங்கட்டும் என்று கதவை அழுத்திச் சாத்தினேன். சோப்புத் துண்டைக் குப்பையில் போட்டேன். கடையிலிருந்து வந்து பூட்டைத் திறந்ததும் தட்டாமல் விறுவிறுவென்று உள்ளே நுழைந்தேன். என் வீடு, நான் எதற்குத் தட்ட வேண்டும்?

நுழைந்து கூடத்தில் நின்றேன். நாற்காலி இருந்தது. மின்விசிறி இருந்தது. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் இருந்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். முன்பென்றால் தட்டிவிட்டு ஒரு நொடி நிற்பேன், இதோ வருகிறேன் என்று உள்ளே யாரோ கையைத் துடைத்துக்கொள்வது போல இருக்கும், பிறகுதான் நுழைவேன். அந்த ஒரு நொடியில்தான் இத்தனை மாதமும் அவள் இந்த வீட்டில் இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது. நான் அவனைப் பிடித்து வெளியே தள்ளினேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் போய்விட்டாள். அங்கேயும் அவன்தான் ஜெயித்தான்.

நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி. பிறகு எழுந்து வெளியே போனேன், கதவைச் சாத்திப் பூட்டினேன், மறுபடி திறந்தேன், இரண்டு தட்டு தட்டினேன்.

"சரி, வந்து தொலைங்க ரெண்டு பேரும்" என்று உரக்கவே சொன்னேன்.

பால் வாங்கிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் நின்றார். "என்னையா சொல்றீங்க?"

"உங்களை இல்ல. நீங்க போங்க."

அவர் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் கடையில் மூத்தவரின் பழைய சட்டத்தைப் பிரித்தேன். கொக்கி இன்னும் அப்படியே இறுக்கமாக இருந்தது. இந்த ஆளுடைய படம் இல்லாவிட்டால் அவள் என் கடைப் படி ஏறியிருக்க மாட்டாள் என்பதும் நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்ததற்காக என்மேலேயே எரிச்சல் வந்தது. அவரை மேஜைமேல் வைத்துக்கொண்டு பேசினேன்.

"உங்க மடிப்பு, உங்க சோப்பு, உங்க தட்டு, எல்லாத்தையும் வெச்சுக்கறேன். அந்தச் சிரிப்பை மட்டும் தர மாட்டேன்."

அவர் தபால்காரருக்கே உரிய பொறுமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். நான் அட்டையை எடுத்தேன். படம் தெரிவதற்காக அட்டையில் வெட்டுகிற கட்டத்தை எங்கள் தொழிலில் ஜன்னல் என்போம். அளந்து, கோடு போட்டு, வெட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பெண் வந்தாள். காகிதத்தைப் பிரித்துப் பார்த்தாள். சட்டத்துக்குள் மூன்று ஜன்னல். இடப்பக்கம் மூத்தவர். நடுவில் என் மனைவி. வலப்பக்கம் வெறும் அட்டை.

"அப்பாவை இந்தப் பக்கம்தானே போடச் சொன்னேன்? இது ஏன் காலியா இருக்கு?"

"அன்னிக்கு அந்தப் பக்கம் வேற ஆள் இருந்தது."

"என்னிக்கு?"

"உன் கல்யாணத்தன்னிக்கு. உங்கம்மா கைப்பையை யாரு மாட்டிக்கிட்டு நின்னது?"

அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்த வெள்ளைப் பை! அதோட போய் எங்க மாமனாரைக் கட்டிப் பிடிச்சீங்களே!"

அம்மா மாதிரியே தோள் குலுங்கச் சிரித்தாள். நான் அட்டைத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சினாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? அப்ப உங்க படத்தையும் இப்பவே போட்டுடலாமே."

"உயிரோட இருக்கிறவனை அந்த வரிசையில வைக்காதே. என் காலம் முடிஞ்சதும் போட்டுக்கோ. அதுவரைக்கும் வேற யாரையும் அங்க ஒட்டக் கூடாது. மூத்தவரை நகர்த்தவும் கூடாது."

"அதுவரைக்கும் அம்மா காலி இடத்தைப் பார்த்தா சிரிச்சிட்டு இருப்பாங்க?"

"இருக்கட்டும். அவரைப் பார்க்காம இருந்தா சரி."

"பொறாமை பிடிச்ச கடைக்காரர்" என்று சொல்லி, படத்தை இரண்டு கையாலும் மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டாள்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்த வாரமே போன் செய்தாள். கூடத்தில் மாட்டியாயிற்றாம். இடம் பொருத்தமாக இருக்கிறதாம். "வர்றவங்க எல்லாம் அந்தக் காலி ஜன்னலைப் பார்த்துட்டு, இது யாருக்குன்னு கேக்கிறாங்க."

"என்ன சொன்னே?"

"அம்மா ஒருத்தருக்காகக் காத்துட்டு இருக்காங்க, அவர் மெதுவா வருவார்னு சொன்னேன்." குரல் கொஞ்சம் மாறியது. "மெதுவாத்தான் வரணும். சரியா?"

"சரி" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, போனை வைத்த பிறகும் அதே யோசனைதான். மெதுவாக வரலாம்தான், எனக்கு ஒன்றும் அவசரமில்லை. அதுவரைக்கும் அவன் அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பானே.