ஒட்டுப் போட்ட தோள்

பாண்டி பஜார் சந்தில் இனாயத் ஸ்கூல் பையும் பெட்டியும் விற்கும் கடையில் சரக்கில் முக்கால்வாசி அந்தரத்தில் தொங்கும். கேட்பவருக்கு நீளக் கொக்கிக் கம்பால் இறக்கிக் காட்டி, வேண்டாமென்றால் மறுபடி ஏற்றி மாட்ட வேண்டும். வேண்டாம் என்பவர்கள்தான் உலகத்தில் அதிகம். அதனால் வருஷக்கணக்கில் நைந்துபோன வலது தோள் தசைநார் கடைசியில் எலும்பை விட்டே கழன்றுவிட்டது. தைத்தும் பிரயோஜனமில்லாத கிழிசல். அடையாற்றில் டாக்டர் மாளவிகா இனாயத்தின் தொடையிலிருந்தே சவ்வை வெட்டியெடுத்து, தோள்மூட்டுக்குள் ஒட்டுப் போட்டார்.

தையல் பிரித்த அன்று பேரம் ஆரம்பித்தது.

"ஆறு வாரம் கை ஸ்லிங்குலயே தொங்கணும், பாய். தானா தூக்கவே கூடாது. ஒட்டு எலும்பைப் பிடிக்கணும்."

"ஆறா? இன்னா டாக்டரம்மா, ஸ்கூல் தொறக்குற சீசன். மூணு போட்டுக்கோங்க."

"ஆறு."

"சரி, உங்களுக்கும் வோணாம், எனக்கும் வோணாம். நாலு."

"இது பை இல்ல, பாய்."

மனைவி ஸஹானா முழங்கையால் இடித்தாள். இனாயத் எழுந்து விறுவிறுவென்று நடந்தார். கதவை நெருங்கும்போது டாக்டர் குரல் கொடுத்தார். "பாய், ஒரு நிமிஷம்! தூங்கும்போதும் கழட்டிடாதீங்க."

சொன்னது இனாயத்தின் காதில் விழவில்லை. கூப்பிட்டது விழுந்தது. எழுந்து போகிற ஆளைக் கூப்பிடுகிற கடைக்காரன் விலையில் இறங்கப்போகிறான். பஜாரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும்.

"பாத்தியா, கூப்ட்டுச்சு," என்றார் ஆட்டோவில். "நாலுதான் அசல்."

"வெல சொல்றது டாக்டரு இல்லீங்க, உங்க எலும்பு," என்றாள் ஸஹானா.

ஜூன் பிறந்ததும் சந்து நிரம்பியது. ஸஹானா ஒருத்தியே இறக்கினாள், ஏற்றினாள், கல்லாவையும் பார்த்தாள். நாலு வாரம் முடிந்த மத்தியானம் அவள் சாப்பாடு எடுக்க வீட்டுக்குப் போன நேரம், ஒரு அம்மாள் மூன்று பிள்ளைகளோடு வந்து நின்றாள். ஒரே வியாபாரத்தில் மூன்று பை.

"அந்த நீலத்தக் காட்டுங்க. கடையில ஆளே இல்லியா?"

"அப்போ நான் இன்னா, பொம்மையா?"

ஸ்லிங்கைக் கழற்றினார். கம்போடு கை உயர்ந்தது. வலியே இல்லை. இனாயத்துக்குச் சிரிப்புகூட வந்தது. கொக்கியில் மாட்டிய பையின் கனம் இறங்கியபோது, தோளுக்குள் ஈரத்துணி கிழிவதுபோல் ஏதோ விட்டுப்போனது. கம்பும் பையும் தரையில் விழுந்தன.

அந்த அம்மாள் பையை எடுத்துத் தூசி தட்டினாள். "கீழ வுழுந்த சரக்கு. கொறைச்சுக் குடுங்க."

குறைத்தார். இடது கையால் காசை வாங்கிக்கொண்டார்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒட்டு எலும்பை விட்டு வந்துடுச்சு, பாய்."

"இன்னொரு தொட கீதே, டாக்டரம்மா."

டாக்டர் சிரிக்கவில்லை. "தோள்ல தசையே சுருங்கிப் போச்சு. இன்னொரு ஒட்டு நிக்காது. செயற்கை மூட்டு வைக்கலாம். சட்டை போடலாம், தலை வாரலாம். கம்பு தூக்க முடியாது."

"எப்பவுமா?"

"எப்பவும்."

இந்த முறை இனாயத் பேரம் பேசவில்லை.

ஆள் வைத்தால் கட்டாது, ஸஹானா ஒருத்தியால் ஏற்றி இறக்கி மாளாது என்பது இருவருக்கும் தெரியும். மறுநாள் ஸஹானா ஸ்டூல் மேல் ஏறி, தொங்கியதையெல்லாம் இறக்கித் தரையில் குவித்தாள். மேலே வெறும் கொக்கிகள். கடை, பிணம் எடுத்த வீடுபோல் இருந்தது. இனாயத் மூலையில் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

சந்தில் போன ஒருவர் எட்டிப் பார்த்தார். "கடைய மூடுறீங்களா, பாய்? இந்தப் பெட்டி இன்னா வெல?"

ஸஹானா புருஷனைப் பார்த்தாள். விலை சொல்வது அவர் வேலை. கூசாமல் இரட்டிப்பாகச் சொல்வார். வாங்குகிறவனை முதலில் வாய் திறக்கவிட்டால் வியாபாரம் செத்தது என்பார்.

"நீங்களே சொல்லுங்க," என்றார் இனாயத். "எவ்ளோ குடுப்பீங்க?"