ட்ரையல் ரூம் திரை

என் அண்ணி சாராளுக்குப் புதுப்பட்டினம் மார்க்கெட் தெருவில் தையல் கடை. ஜாக்கெட் மட்டும்தான் தைப்பாள். சுடிதார் கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள். நாத்தனாராகிய நான், ரூத், அங்கே கொக்கி வைக்கிறேன், ஹெம்மிங் அடிக்கிறேன், யாராவது திட்டினால் நின்று கேட்டுக்கொள்கிறேன். மூன்றாவது வேலைதான் அதிகம்.

திட்டுக்குக் காரணம் எப்போதும் ஒன்றே. அண்ணி யார் துணியையும் போதும் என்று சொல்லி வாங்கியதே கிடையாது. கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து விஞ்ஞானிகளின் மனைவிமார் தாராளமாக ஒரு மீட்டர் பட்டு கொண்டுவந்து வைப்பார்கள். அண்ணி அதை விரித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "பத்தாது மேடம். கை குட்டையாத்தான் வரும்" என்பாள். அவர்களும் முகத்தைச் சுளித்துக்கொண்டே அளவு ஜாக்கெட்டை நீட்டுவார்கள்.

அந்த அளவு ஜாக்கெட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் வாடிக்கையாளர்கள் யாரும் டேப் வைத்து அளக்க விடமாட்டார்கள். எப்போதோ தங்களுக்குக் கச்சிதமாக இருந்த ஒன்றைக் கொடுத்து, "இதே அளவு" என்பார்கள். தெய்வநாயகி மேடம் கொடுப்பது அவர் கல்யாணமான புதிதில் தைத்தது. அவர் மகன் அபிஷேக்குக்கே இப்போது பெண் பார்த்து முடித்தாயிற்று.

அக்டோபரில் அண்ணி தன் தங்கை குழந்தையின் ஞானஸ்நானத்துக்காகக் கடப்பாக்கம் போனாள். கடை என் பொறுப்பு. அப்போது எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. மிச்சத் துணியில் என்னென்ன செய்யலாம் என்று செல்போனில் வீடியோ பார்ப்பேன். பார்த்ததோடு விடாமல், கடையின் வெட்டுத் துணிச் சாக்கிலிருந்து எடுத்துச் செய்தும் பார்ப்பேன். கால்மிதி, சூடான பாத்திரம் பிடிக்கும் துணி, ஊசி குத்திவைக்கக் குட்டித் தலையணை. எங்கள் வீட்டுக்கு வாசல் இரண்டு, கால்மிதி ஒன்பது. "என் லுங்கிய மட்டும் உட்டுடு" என்று அண்ணன் கேட்டுக்கொண்டான்.

சாக்கு காலியாகிவிட்டதால் கட்டிங் மேசைக்கு அடியில் துழாவினேன். ஒரு பழைய சூட்கேஸ் அகப்பட்டது. உள்ளே சுருட்டிச் சுருட்டி வைத்த துணிகள். கந்தல் இல்லை, பட்டும் காட்டனும் ஜரிகையுமாக நல்ல நல்ல துண்டுகள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாளே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ட்ரையல் ரூம் என்று நாங்கள் சொல்லிக்கொள்ளும் மூலைக்கு ஒரு திரை உண்டு. துவைத்துத் துவைத்து அந்தப் பக்கம் ஆள் தெரியும். துண்டுகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒட்டுப்போட்டு, புதுத் திரை தைத்து மாட்டினேன். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அற்புதமாக இருந்தது.

ட்ரையல் ரூமுக்குள் பெண்கள் என்ன செய்வார்கள் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக் கொக்கி ஒவ்வொன்றாக மாட்டுவார்கள், திரும்பக் கழற்றுவார்கள். அவ்வளவு நேரமும் கண்ணுக்கு முன்னால் அந்தத் திரையைத் தவிர வேறெதுவும் கிடையாது.

முதலில் உள்ளே போனவர் தெய்வநாயகி மேடம். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும் கேட்டார்.

"ரூத், இந்த ஸ்கிரீனை யார் தச்சது?"

"நான்தான் மேடம். சூப்பரா கீதில்ல?"

"நல்லா இருக்கு. இந்தக் கத்திரிப்பூக் கலர் எங்க கிடைச்சுது?"

"கடைல மிச்சம் வந்தது மேடம். இன்னும் இந்தாம் பெருசு கீது பாருங்க" என்று சூட்கேஸையே இழுத்துத் திறந்து காட்டினேன்.

"இது என் நாத்தனார் காஞ்சிபுரத்துல எடுத்துக் குடுத்த பட்டு. துணி பத்தலன்னு கையைக் குட்டையாக்கினது" என்றார்.

நான் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். என் மூளை கொஞ்சம் லேட்டாகத்தான் கடை திறக்கும்.

மறுநாள் அண்ணி பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கடைக்கு வந்தாள். திரையைப் பார்த்தாள். தோள் பையைக்கூட இறக்காமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாடி பண்ணி வச்சிகீற?"

"நீ இன்னா அண்ணி பண்ணி வச்சிகீற? ஊரார் துணிய எல்லாம் எடுத்து..."

"எடுத்து நான் இன்னா வித்தா துன்னேன்? எல்லாம் பழைய அளவு குடுக்குதுங்க. அடுத்த வருசமே கொக்கி மாட்டலன்னு வருதுங்க. உள்தையல எத்தினி தபா பிரிக்கறது? அதே துணில ஒரு துண்டு இருந்தாத்தான் கக்கத்துல வச்சித் தெச்சித் தர முடியும். போடறவங்களுக்கே தெரியாது. அதுக்கு எடுத்து வச்சத நீ ஸ்கிரீனு தெச்சிட்ட."

ஆல்டரேஷனை அவள் எப்போதும் தனியாக உட்கார்ந்து செய்வது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. திரையைக் கழற்றப் போனேன். அதற்குள் வந்துவிட்டார்கள். முன்னால் தெய்வநாயகி மேடம், அவர் பின்னால் துர்காதேவி மேடம், அவர் பின்னால் குடியிருப்பில் பாதி. வாட்ஸ்அப் குரூப்பில் என் திரையின் போட்டோ போயிருக்கிறது.

கோயில் வாசலில் செருப்பைத் தேடுவது போல ஒவ்வொருவரும் திரையில் தங்கள் துணியைத் தேடினார்கள். "இது என்னோடது." "அந்தப் பச்சை என் தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்தது." கடைசியில் துர்காதேவி மேடம் கேட்டார்.

"எத்தனை காலமா எங்களை ஏமாத்தறே சாராள்?"

நான் வாயைத் திறந்தேன். ஒரே வாக்கியத்தில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். அண்ணி என் காலை மிதித்தாள். மெஷினைக்கூட அப்படி மிதித்ததில்லை.

"தப்புதான் மேடம்" என்றாள். "அவங்கவங்க துண்ட எடுத்துக்கோங்க." கத்தரிக்கோலை எடுத்து என் திரையைச் சதுரம் சதுரமாக வெட்டிக் கொடுத்தாள். சூட்கேஸும் காலியானது. ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை.

அவர்கள் போனதும் நான் கத்தினேன். அழுகையும் வந்தது. "ஏன் அண்ணி சொல்லல?"

"திருடின்னு நெனச்சா என்னிக்கினா மறந்துருவாங்க. நீ குண்டாயிட்டன்னு நாலு பேர் எதிர்ல சொன்னா சாவற வரிக்கும் மறக்க மாட்டாங்க. வுடு."

மறப்பதாகத் தெரியவில்லை. கிறிஸ்துமஸுக்கு எங்கள் சபைக்காரர்கள் மட்டும் வந்தார்கள். மேடங்கள் எல்லோரும் ஈ.சி.ஆர். ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த ஏ.சி. பொட்டிக் என்ற நாகரிகத் தையல் கடைக்குப் போய்விட்டார்கள். தை மாதமும் இப்படியே போனால் கடையை மூடிவிட்டு, சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் ஒரு சட்டைக் கம்பெனிக்கு வேலைக்குப் போவதாக அண்ணி சொன்னாள். அங்கே ஒருத்தி நாள் முழுக்கக் காலர் மட்டும் தைக்க வேண்டும். கண்ணாலேயே ஜாக்கெட் வெட்டுகிறவள் காலர் தைக்கப் போவதா? எல்லாம் என்னால்தான். நான் வீடியோ பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

பொங்கல் முடிந்ததும் தெய்வநாயகி மேடம் வந்தார், தனியாக. கையில் அந்தக் கத்திரிப்பூ ஜாக்கெட்.

"அபிஷேக் ரிசப்ஷனுக்கு இதைத்தான் போடணும் சாராள். இல்லேன்னா நாத்தனார் பேசுவாங்க. கொக்கி எட்ட மாட்டேங்குது."

"பொட்டிக்குல குடுக்கறதுதானே மேடம்?" என்றேன். அண்ணி என்னை முறைத்தாள்.

"போனேன். டேப்பைச் சுத்திப் பிடிச்சு நம்பரைச் சத்தமாப் படிக்கறா. இன்னொருத்தன் அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தறான். கடை பூரா கேக்குது."

அண்ணி ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். "அந்தத் துண்டு கீதா மேடம்?"

மேடம் கைப்பையிலிருந்து ஒரு செல்போன் உறையை எடுத்தார். கத்திரிப்பூப் பட்டு, ஓரத்தில் மணி. "வீடியோ பாத்துத் தச்சேன்" என்றார். நன்றாகவே தைத்திருந்தார், எனக்குப் பொறாமையாக இருந்தது. போனை வெளியே எடுத்துவிட்டு உறையை மேசைமேல் வைத்தார்.

அண்ணி அதைப் பிரித்து, முக்கோணமாக இரண்டு துண்டு வெட்டி, கக்கத்தில் வைத்துத் தைக்க ஆரம்பித்தாள். மேடம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெல்லத் தன் கையைத் தூக்கி, போட்டிருந்த பச்சை ஜாக்கெட்டின் கக்கத்தைத் தடவினார். அங்கே ஒரு முக்கோணம் இருந்தது. அடுத்த கையையும் தூக்கிப் பார்த்தார். அங்கேயும் இருந்தது. முகம் சிவந்துவிட்டது. நான் அவசரமாக நூல் கோக்கப் போனேன்.

"அப்போ இதுக்கு முன்னாடியும்..." என்று இழுத்தார்.

"இங்க தண்ணி உப்பு மேடம்" என்றாள் அண்ணி, தலையைத் தூக்காமல். "துணி சுருங்கிப் பூடுது."

அந்தப் பட்டு தண்ணீரையே பார்த்ததில்லை. ட்ரை கிளீனிங் சீட்டு இன்னும் அதில் குத்தியே இருந்தது.

மேடம் அந்தச் சீட்டைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார்.

"ஆமா சாராள். ரொம்ப உப்பு" என்றார்.

பிறகு பையிலிருந்து ஒரு புதுப் பட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "சம்பந்தியம்மா குடுத்தது. மிச்சத்தை நீயே வச்சுக்கோ. துர்காதேவியையும் வரச் சொல்றேன். அவங்க வீட்டுத் தண்ணி எங்க வீட்டை விட உப்பு."