சட்டையை உதறுகிறவள்

கைகால் கழுவ ஒரு குழாய்கூட வைக்காத ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கம்பெனியில் தசரதனுக்கு மூட்டை பிரிக்கும் வேலை. சாயங்காலம் ராஜகீழ்ப்பாக்கத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது உச்சிமுதல் பாதம்வரை தூசி படிந்து வெளுத்திருப்பான். மனைவி கிளியம்மாள் வாசலிலேயே சட்டையைக் கழற்ற வைத்து, அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே உதறுவாள்.

"அங்க துன்ன தூசி பத்தாதா உனுக்கு?"

கடைசியில் இருமல் அவளுக்குத்தான் வந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "எந்த ஃபேக்டரியிலம்மா வேலை?" என்று கேட்டார்.

"நான் வூட்டோடதான் சார் கீறேன்."

டாக்டர் தசரதனைத் தனியாக அழைத்தார். "உன் சட்டைத் தூசிதான்பா அவங்க நுரையீரல்ல படிஞ்சிருக்கு. இனிமே எடுக்க முடியாது."

மறுநாள் அவன் தெருமுனையிலேயே சட்டையைக் கழற்றிச் சுருட்டி, முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தான். படுத்திருந்த கிளியம்மாள் சுவரைப் பிடித்து எழுந்து வந்து கையை நீட்டினாள்.

"குடு இப்படி. உனுக்கு ஆவாது."