தரையில் விழுந்த சூரியன்

அன்று சூரிய கிரகணம். வடிவம்மாள் காலையிலேயே அறைச் சன்னலைச் சாத்தித் தடித்த திரையை இழுத்துவிட்டார். உள்ளே ஏழு மாதக் கர்ப்பிணியான அவருடைய மகள் சாந்தினி படுத்திருந்தாள். பிரசவத்துக்காக டத்தோ கிராமாட் வட்டாரத்தில் இருக்கும் தாய்வீட்டு பிளாட்டுக்கு வந்திருந்தாள்.

மருமகள் துளசியை மட்டும் யாரும் தடுக்கவில்லை. அவள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். முந்தைய கிரகணத்தின்போது அவளும் வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். கீழே போய் வேடிக்கை பார்த்தாள். அந்த மாதமே கரு கலைந்தது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றார் டாக்டர். "வெளிய போகாதேன்னு சொன்னேன்லா" என்றார் வடிவம்மாள். டாக்டர் சொன்னதை வீட்டில் எல்லாரும் மறந்துபோனார்கள்.

மதியம் வடிவம்மாள் சாமி அறைக்குள் போனதும் சாந்தினி கூப்பிட்டாள்.

"அண்ணி, போரிங்லா. ஃபிரெண்ட்ஸ் எல்லாம் போட்டோ அனுப்புறாங்க. நான் மட்டும் ஜெயில்ல கெடக்கேன்."

துளசி தயங்கினாள். பிறகு ஒரு பிஸ்கட் பெட்டியின் அட்டையில் சின்னச் சதுரம் வெட்டி, அந்த இடத்தை அலுமினியத் தாளால் மூடி, நடுவில் குண்டூசியால் ஒரே ஒரு துளை போட்டாள். வெயில் விழும் சன்னல் கண்ணாடியில் அட்டையை ஒட்டி, சுற்றிலும் வெளிச்சம் புகாதபடி திரையைச் சேர்த்துப் பிடித்தாள்.

"ஓட்டையைப் பாக்காதே, கண்ணு போயிடும். கீழ பாரு."

தரையில் விரித்திருந்த வெள்ளைத் தாளில் ஐந்து காசு அளவில் ஒரு வெளிச்சம். வட்டமாக இல்லை. பிறையாக இருந்தது.

"ஐயோ, அழகா இருக்கு அண்ணி!" என்று சிரித்த சாந்தினியின் கை தானாகவே வயிற்றை மூடிக்கொண்டது. "ஒண்ணும் ஆகாதுல?"

"ஆகாது" என்றாள் துளசி. அட்டையைப் பிய்த்தெடுத்தாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

அதற்குப் பிறகு சாந்தினி முதுகுவலி என்று முனகினாலே துளசி கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். வெறும் வெளிச்சம்தானே என்று தனக்குள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். பயம் போகவில்லை.

பிப்ரவரியில் பெண் குழந்தை பிறந்தது. எந்தக் குறையும் இல்லை. பார்க்க வந்தவர்களிடம் வடிவம்மாள் பெருமையாகச் சொன்னார்:

"கிரகணத்தன்னைக்கு ஒரு பொட்டு வெளிச்சம் படாம அடைச்சு வச்சேன். புள்ள முழுசா வந்துச்சு. இவளும் அன்னைக்குப் பேச்சைக் கேட்டிருந்தா, இந்நேரம் ஒண்ணு ஓடியாடிக்கிட்டு இருக்கும்."

துளசி சாந்தினியைப் பார்த்தாள். சாந்தினி குனிந்து குழந்தையின் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"அண்ணி, டிஸ்யூ இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

துளசி எடுத்துவந்து கொடுத்தாள்.