அலறலும் கம்பெனிச் சொத்து

விடிவதற்கு முன்பே லாரியிலிருந்து இரும்புச் சட்டங்கள் இறங்க ஆரம்பித்துவிட்டன. குளிர்ந்த இரும்பு உள்ளங்கையைக் கடித்தது. துருவும் வியர்வையும் கலந்த நாற்றம் விரல்களில் ஏறிக்கொண்டது. அந்தக் கச்சேரிக் கம்பெனியில் பாடுகிறவர், வாசிக்கிறவர் என்ற சலுகையெல்லாம் கிடையாது. விடிகாலையில் மேடை கட்டுவதும் அவர்கள்தான், மாலையில் அதே மேடையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதும் அவர்கள்தான்.

கோரஸ் பாடுகிறவள் ஸ்பீக்கர் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்திருந்தாள். மறுபக்கம் டிரம்ஸ் அண்ணன்.

"மெதுவா, தாயி. இது இரவல் இடுப்பு இல்ல, என் சொந்த இடுப்பு."

அவள் சிரிக்க வாயெடுத்தாள். அதற்குள் லாரிக்காரரின் போன் அடித்தது. ஒரு பெண்குரல் உச்சத்துக்கு ஏறி, அங்கேயே கிழிந்து, எதிரொலித்து அடங்கியது. பெட்டி அவள் கையை விட்டு நழுவியது.

"என்னம்மா, பயந்துட்டியா?" என்றார் லாரிக்காரர். "இப்ப எல்லார் போன்லயும் இதுதான். என்னமா பாடியிருக்கா பாரேன்!"

அது பாட்டு அல்ல. அவளுடைய அலறல்.

நாலு மாதத்துக்கு முன்னால், பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே, லைட் போடுகிற அவள் புருஷன் விளக்குக் கோபுரத்தின் உச்சியிலிருந்து விழுந்தான். கம்பெனி அந்தக் கச்சேரியை வீடியோவாக விற்றது. அவன் விழுந்ததை நறுக்கி எறிந்துவிட்டு, அவள் அலறியதை மட்டும் வைத்துக்கொண்டது. அதற்கு எதிரொலி சேர்த்தது, பளபளப்பாக்கியது. இடுப்பில் கம்பி வைத்துக் கட்டிலில் கிடக்கிறவன், பக்கத்து வீட்டுப் போனில் அது ஒலிக்கும்போதெல்லாம் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பப் பார்ப்பான். அவள் கைகொடுக்காமல் அவனால் திரும்பக்கூட முடியாது.

கச்சேரி முடிந்தபின் குடித்துவிட்டு அவனாகவே ஏறி விழுந்தான் என்று தொழிலாளர் கோர்ட்டில் கம்பெனி சாதித்தது. நறுக்காத வீடியோவைக் காட்டச் சொன்னபோது கம்பெனி வக்கீல் ஒப்பந்தத்தை நீட்டினார். குரல், முகம், அசைவு, மேடையில் எழும் எந்த ஒலியும் என்றென்றைக்கும் கம்பெனிக்குச் சொந்தம். விற்பனைச் சரக்கை வெளியே காட்ட முடியாது. முதலாளிதான் ஏறச் சொன்னார் என்று அவள் சொன்னாள். பெண்டாட்டி வேறெப்படிச் சொல்லுவாள் என்று வக்கீல் சிரித்தார். இன்று பத்து மணிக்கு மறுபடி கேஸ். வேறு சாட்சி இல்லையென்றால் முடித்துவிடுவார்கள்.

அது தெரிந்துதான் முதலாளி விடிகாலையிலேயே காரில் வந்து இறங்கினார். கையில் தாள் கட்டு.

"அந்த ராத்திரி எடுத்த வீடியோவுல எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்ல, எங்கயும் அதைக் கேக்க மாட்டேன்னு எல்லாரும் ஒரு கையெழுத்து." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "நீ சாயங்காலம் அதே இடத்துல, அதே மாதிரி ஒரு கத்து கத்திடு. ஜனம் அதுக்குத்தான் வருது."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஓரடி முன்னால் வந்தாள்.

"ஐயா, அது என் புருஷன் விழுந்தப்ப கத்தினது."

"தெரியும்மா. அதான் அவ்வளவு உயிரோட்டமா இருக்கு."

"அது என்னுதுங்க."

"மேடைக்கு வெளியில கத்தியிருந்தா உன்னுது."

அவள் லாரிக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

"அவ்வளவு சுத்தமான ஆளுன்னா முழுசையும் கோர்ட்டுல போட்டுக் காட்டுங்களேன்" என்றார் டிரம்ஸ் அண்ணன்.

"என் சொத்தை யாருக்குக் காட்டணும்னு எனக்கு நீ வகுப்பு எடுக்கறியா? டீ குடிச்சுட்டு வரேன். கையெழுத்து இல்லாதவனுக்கு மேடை இல்ல."

அவளையும் சேர்த்துக் குழுவின் பதினோரு பேரும் பெட்டிகள்மேல் உட்கார்ந்தார்கள். கீபோர்டு அக்கா அவளுக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

"அந்த வீடியோ மட்டும் கைக்குக் கிடைச்சா போதும்டி. 'பாட்டு நிக்கக்கூடாது, ஏறுடா மேல'ன்னு இந்த ஆளு கத்தினது அப்படியே இருக்கும்."

அவள் நிமிர்ந்தாள். "அக்கா, உங்களுக்கும் கேட்டுச்சா?"

"காதுல மாட்டியிருந்தோமே, கேக்காம?"

மேடையில் நிற்கிறவர், லைட் போடுகிறவர் எல்லார் காதிலும் ஒரு சின்னக் கருவி இருக்கும். தாளமும் அதில்தான் வரும், முதலாளியின் அதட்டலும் அதில்தான் வரும்; நறுக்காத வீடியோவில் அதெல்லாம் சேர்ந்தே பதிவாகியிருக்கும்.

"எனக்கும்தான் கேட்டுச்சு" என்றார் கிட்டார் வாசிப்பவர். "ரெண்டாவது சரணம், மூணாவது வரி."

"அப்ப ஏன் யாருமே சொல்லலே?"

கீபோர்டு அக்கா தண்ணீர் பாட்டிலை மூடிக் கீழே வைத்தாள்.

"பதிவுல இல்லாதது நடக்கவே இல்லைன்னு சொல்லிச் சொல்லியே நம்மளை வளத்துட்டான்" என்றார் டிரம்ஸ் அண்ணன். "மிஷின் சொன்னாத்தான் சாட்சின்னு நெனச்சுட்டோம். பொய் எதுக்கு, பயமும்தான். நான் சோத்தைத் தின்னுட்டு வெக்கமில்லாம தூங்கியிருக்கேன், தாயி."

அவர் பெட்டிமேல் விரலால் தாளம் தட்டினார். "மூணாவது வரி, நாலாவது தட்டு. விளக்கு மினுக்குது."

"ஆறாவதுல அவன் குரல்" என்றாள் அக்கா.

"அடுத்த வரியில உன் வீட்டுக்காரர் பாதிக் கோபுரத்துல. இடுப்புல கயிறு இல்ல. நான் பாத்தேன்" என்றார் கிட்டார் வாசிப்பவர்.

ஆளுக்கொரு தட்டாக, தவறில்லாமல் சொல்லிக்கொண்டே வந்தார்கள். அவன் விழுந்த இடம் வந்ததும் டிரம்ஸ் அண்ணனின் விரல் நின்றது. அவள் அலறவில்லை. "எழுதுங்க" என்றாள்.

முதலாளி கொடுத்த தாள்களின் பின்பக்கத்திலேயே எழுதினார்கள். கேட்டதை, பார்த்ததை, எந்தத் தட்டில் என்பதை. கீழே பதினோரு கையெழுத்து.

பல்லைக் குத்திக்கொண்டே முதலாளி வந்தார். "போட்டாச்சா?"

"போட்டாச்சு. பின்பக்கம்" என்று டிரம்ஸ் அண்ணன் தாள்களை நீட்டினார்.

இரண்டு வரி படிப்பதற்குள் அவர் முகம் வெளிறியது. "இதைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனா ஒருத்தருக்கும் வேலை கிடையாது. வேற கம்பெனியிலயும் சேர விடமாட்டேன்."

"வீடியோ உங்களுது, வச்சுக்கோங்க" என்றாள் அவள். "இந்தக் காதெல்லாம் எங்களுது."

தாள்களை அவர் கையிலிருந்து பிடுங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பாதி நின்ற மேடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பதினோரு பேரும் சாலையில் இறங்கினார்கள். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது.

"அண்ணே, கேஸை இன்னைக்கும் தள்ளி வச்சுட்டா?"

"அடுத்த தேதிக்கும் பதினோரு பேர் வருவோம். கொஞ்சம் வேகமா நட, தாயி, பஸ் போயிடும்."