புருஷன் பெயரைச் சொன்ன நாள்

என் புருஷனைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நல்ல மனுஷர், உழைப்பாளி. ஆனால் பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்! பெயர் சொல்லி யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கும் இரண்டாம் குரலுக்கும் வாயைத் திறக்கமாட்டார். கொல்லிமலையில் எங்கள் ஆட்கள் எல்லாருமே அப்படித்தான். காட்டில் முகம் தெரியாமல் கூப்பிடுவது பேயாகவும் இருக்கலாம். பேய் மூன்றாம் முறை கூப்பிடாது. ஒரே குரலுக்கு ஓடிப்போன இவர் தம்பியைப் பள்ளத்திலிருந்துதான் தூக்கி வந்தார்கள்.

உலகச் சண்டை நடந்த வருஷம் அது. மழை இல்லை, வீட்டில் ஒரு பிடி சாமை இல்லை. பிள்ளைகள் இரண்டும் காட்டுக்கிழங்கைத் தின்று சுருண்டு கிடந்தன. மலைக்காரர்களுக்கு லாரி ரிப்பேர் பழக்கிப் பட்டாளத்துப் பட்டறையில் வேலை தருவார்கள், வீட்டுக்கு மாதாமாதம் அரிசி உண்டு என்று சொன்னார்கள். முதல் தடவை இவர் தனியாக நாமக்கல் போனார். குமாஸ்தா அறைக்குள் இருந்தபடி இரண்டு தரம் கூப்பிட்டாராம். இவர் மூன்றாவதுக்குக் காத்து நின்றாராம். ஆள் வரவில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இந்த மாதத்தோடு ஆள் எடுப்பது முடிகிறது என்றதும் நானும் கூடவே மலையிறங்கினேன். எருமப்பட்டி தாண்டும்வரை வாய் ஓயவில்லை.

"ஏனுங்க, கூப்புடறது குமாஸ்தாங்க. மொதக் கொரலுக்கே பதில் சொல்லிப்போடுங்க."

"எனக்குத் தெரியும் புள்ள, சும்மா வா."

தெரியுமாம்!

நாமக்கல்லில் ஆள் எடுக்கும் இடத்தில் கம்பி வேலிக்குள் ஆண்களை மட்டும் விட்டார்கள். நான் வெளியே நின்றேன். ஒவ்வொரு பெயராக ஜன்னல் வழியே வந்தது. இவர் பெயரும் வந்தது. நிமிர்ந்து பார்த்தார், வாய் திறக்கவில்லை. இரண்டாம் தரமும் கூப்பிட்டார்கள். அடப்பாவி மனுஷா!

"ஏனுங்க!" என்று கத்தினேன். பத்து ஆண்கள் திரும்பினார்கள். இவர் மட்டும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அடுத்த பெயருக்குத் தாளைப் புரட்டியிருப்பார்கள். பிள்ளைகளின் ஒட்டிய வயிறு கண்முன் வந்தது.

"சென்றாயன்!"

கட்டிய நாளிலிருந்து என் வாயில் வராத பெயர். சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்று சொல்லித்தானே எங்களை வளர்த்தார்கள்.

அதுதான் மூன்றாம் குரல். "இருக்கறனுங்க!" என்று குரல் கொடுத்தபடி உள்ளே ஓடினார்.

"அடி ஆத்தி, புருசன் பேரைச் சொல்லிப்புட்டாளே!" என்று பக்கத்தில் நின்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

சீட்டோடு வந்தவரை அன்றைக்கே சேலம் போகும் லாரியில் ஏறச் சொன்னார்கள். அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

"சொன்னது சொன்னதுதான், அழாத சாமி. புள்ளைங்களுக்கு இனிச் சோறு உண்டு" என்றார்.

லாரி கிளம்பியது. குறைகிற ஆயுசு என்னுடையதாக இருக்கட்டும் என்று நடுரோட்டில் நின்று வேண்டிக்கொண்டேன்.