மூன்றாம் தாளில் நூற்று நான்கு

1

இந்தக் கதை எனக்கு ஒரு நீச்சல் குளத்தில் கிடைத்தது. அக்டோபர் மாதம், வியாழக்கிழமை, மாலை நான்கு மணி. கிடைத்தது என்பது பவிசான பேச்சு. ஐந்து வாரமாக இது என்னைப் பிடுங்கித் தின்கிறது. எழுதித் தொலைத்தால் விட்டுவிடுமோ என்று பார்க்கிறேன்.

ஊர் இங்கிலாந்தின் தென்கிழக்கில். பெயர் வேண்டாம், பதினெட்டு வருஷமாக இங்கேதான் காய்கறி வாங்குகிறேன். பத்து, பதினோரு வயதில் பிள்ளைகளை இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் இன்னும் ஒழியாத மாவட்டம் இது. செப்டம்பரில் பரீட்சை. தேறினால் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான கிராமர் ஸ்கூல், தேறாவிட்டால் மற்ற பள்ளி. மற்றதும் நல்ல பள்ளிதான் என்று எல்லாப் பெற்றோரும் சொல்வார்கள், தன் பிள்ளைக்கு கிராமரில் இடம் உறுதியான பிறகு.

2

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

"லோர்னா டாப்செல் அன்று காலையிலிருந்து ஃபோனை ஐம்பது முறை எடுத்து —" வேண்டாம். அன்று எல்லாரும்தான் எடுத்தார்கள்.

"மழை தூறிக்கொண்டிருந்தது." தூறவில்லை. நல்ல வெயில். இங்கிலாந்து என்றால் மழையில்தான் தொடங்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். "குளத்தோரத்து பெஞ்சில் ஏழு தாய்மார்களும் இரண்டு தகப்பன்மார்களும் உட்கார்ந்து, தங்கள் பிள்ளைகள் நீந்துவதைப் பார்ப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தார்கள்."

3

பரீட்சை முடிவு நான்கு மணிக்கு மின்னஞ்சலில் வரும். நான்கு அடிக்க இரண்டு நிமிஷம். குளோரின் வாடை, விசில் சத்தம், தண்ணீர் தெறிக்கும் சத்தம்.

லோர்னா பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்ப்பவள். சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அவள் மகள் டில்டா நாலாவது லேனில் முதுகு நீச்சல் பழகிக்கொண்டிருந்தாள். லோர்னாவும் கணவன் கிரெய்க்கும் கிராமர் பள்ளிகளின் வாசலைக்கூட மிதித்ததில்லை. இவளாவது போகட்டும் என்று ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் பயிற்சித் தாளுக்குக் கொடுத்திருந்தார்கள்.

ஃபோன் அதிர்ந்தது. ஆங்கிலம் 121. கணிதம் 118. தர்க்கம் 104.

இந்த ஆண்டு எல்லை 332 என்று மதியமே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வந்திருந்தது. லோர்னா விரல் விட்டுக் கூட்டினாள். 343.* மறுபடி கூட்டினாள். அதே 343.

தன்மேலேயே நம்பிக்கை இல்லாமல், பக்கத்தில் இருந்த தாயிடம் ஃபோனை நீட்டினாள்.

"கொஞ்சம் பாரேன். சரியாத்தானே கூட்டியிருக்கேன்? எனக்குக் கண்ணு இருட்டுது."

அந்தத் தாய் பார்த்தாள். "கூட்டல் சரிதான். சந்தோஷம் லோர்னா."

(* மொத்தம் 332 வந்தால் மட்டும் போதாது. எந்தத் தாளிலும் 107க்குக் கீழே போகக்கூடாது என்று இன்னொரு விதி உண்டு. மின்னஞ்சலின் அடியில், மதிப்பெண்களைத் தாண்டித் திரையைத் தள்ளினால், முடிவு ஒரே வரியில் எழுதியிருந்தது. லோர்னா தள்ளவில்லை. வருஷம் முழுக்க அந்தக் குழுவில் மொத்தம், மொத்தம் என்றே ஓதினார்கள். அவள் காதில் விழுந்த எண் அது ஒன்றுதான்.)

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். வாசகருக்கு லோர்னாமேல் எரிச்சல் வருமோ? "முழுசாப் படிக்க மாட்டாளா ஒருத்தி?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். உங்கள் பிள்ளையின் முடிவு வந்த அன்று நீங்கள் அடிக்குறிப்பு வரை படித்தீர்களா?

அவளுக்கு விதி தெரியாமல் போனதற்கு வேறு காரணமும் உண்டு. இந்த ஊரில் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள். ட்யூஷன் வாத்தியாரின் பெயரை, ஆஸ்தி விவரம் மாதிரி பொத்திப் பொத்தி வைப்பார்கள். கேட்டால், "சும்மா வீட்ல ரெண்டு பேப்பர் போட்டோம்பா, அவ்ளோதான்" என்று ஒரு சிரிப்பு. பிப்ரவரியில் லோர்னா அந்த பெஞ்சில் வைத்தே கேட்டிருக்கிறாள், தர்க்கத் தாளுக்கு எப்படித் தயார் செய்வது என்று. அதே பக்கத்து நாற்காலித் தாய் சொன்ன பதில், "அதெல்லாம் தானா வரும்." அவள் தன் மகனை இரண்டு வருஷமாகப் பக்கத்து ஊருக்குக் காரில் கூட்டிப்போய்த் தர்க்கம் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

(பெஞ்ச் என்று எழுதிவிட்டு நாற்காலி என்கிறேன். திருத்தப் போவதில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி எழுதும்போது கை நிதானத்தில் இருப்பதில்லை.)

5

லோர்னா எழுந்து நின்றாள். இரண்டு கட்டைவிரலையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். டில்டா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள்.

"பாஸா?"

"பாஸ், கண்ணு. பதினோரு மார்க் கூடவே."

குளம் முழுக்கக் கேட்டது. தண்ணீரில் இருந்த பிள்ளைகள் கை தட்டினார்கள். நீச்சல் வாத்தியார் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இன்னிக்கு உனக்கு ஸ்பெஷல், மேல இருந்து குதிச்சுக்கோ" என்று உயரப் பலகையைக் காட்டினார். டில்டா அதுவரை அதில் ஏறியதே இல்லை. ஒவ்வொரு படியாக ஏறினாள். மேலே நின்று கீழே பார்த்தாள். பக்கத்துத் தாய்க்குச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. அவள் ஃபோனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். டில்டா மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

6

வீட்டுக்குப் போகும் வழியில் மீனும் சிப்ஸும் வாங்கினார்கள். கிரெய்க் ஐந்தரைக்கு வந்தான். பாய்லர் ரிப்பேர் செய்பவன், கை கழுவவே கால் மணி நேரம் ஆகும். அன்று கழுவாமலே மகளைத் தூக்கிச் சுற்றினான். டில்டா மாடிக்குத் தோழிகளோடு பேசப் போனாள். எந்தப் பள்ளி முதல் விருப்பம் என்று மாதக் கடைசிக்குள் விண்ணப்பத்தில் போட வேண்டும். சூட்டோடு சூடாகப் போட்டுவிடலாம் என்று கிரெய்க் மடிக்கணினியைத் திறந்து, மின்னஞ்சலையும் திறந்தான்.

(கிரெய்க் மனைவியை 'லவ்' என்றுதான் கூப்பிடுவான். தமிழில் அதை என்ன செய்வது? 'ம்மா' என்று போட்டுக்கொள்கிறேன்.)

"லோர்னா, இத நீ முழுசாப் படிச்சியா?"

"மார்க்கப் பார்த்தேன். ரெண்டு தடவ கூட்டினேன்."

"கீழ ஒரு வரி இருக்கும்மா."

"என்ன வரி?"

அவன் படித்துக் காட்டவில்லை. மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான். டில்டா கிராமர் பள்ளிக்குத் தகுதி பெறவில்லை என்று அதில் இருந்தது.

"தப்பா அனுப்பியிருக்காங்க."

"மூணாவது பேப்பர்ல மூணு மார்க் கம்மி. அதுக்குன்னு தனியா ஒரு கோடு போட்டிருக்கானுங்க."

"மொத்தம்தானே கணக்கு? அதத்தானே எல்லாரும் சொன்னாங்க?"

"எல்லாரும்னா யாரு?"

மாடியிலிருந்து டில்டாவின் குரல் கேட்டது. யாரிடமோ, தன் சீருடைக் கோட்டு பச்சை நிறம் என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பீல் போடலாம்" என்றாள் லோர்னா. "அது முடியற வரைக்கும் அவகிட்ட ஒன்னும் சொல்ல வேண்டாம்."

"அது வசந்தம் வரைக்கும் இழுக்கும். நாளைக்குக் காலைல ஸ்கூல்ல எல்லாப் பசங்களும் இதத்தான் பேசும். இவளும் பச்சைக் கோட்டு, பச்சைக் கோட்டுன்னு பேசிட்டுத் திரியட்டும்கிறியா?"

"அப்ப நீ போய்ச் சொல்லு."

"குளத்துல கத்தினது நான் இல்லயே."

சொன்னதும் அவனுக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. லோர்னா கோபப்படவில்லை. மீன் சுற்றி வந்த எண்ணெய்க் காகிதத்தை மடித்தாள், இன்னும் சின்னதாக மடித்தாள்.

"ஆமா, நான்தான் ஏத்திவிட்டேன். நான்தான் இறக்கணும்" என்றாள்.

7

இனி முடிவு. கையில் மூன்று இருக்கின்றன.

அ. லோர்னா மாடிக்குப் போய்ச் சொல்கிறாள். டில்டா அழுகிறாள். தாயும் மகளும் கட்டிக்கொள்கிறார்கள். கதவு மெல்லச் சாத்தப்படுகிறது. (பாயசம். சர்க்கரை தூக்கல்.)

ஆ. சொல்லாமல் மறைத்துவிடுகிறார்கள். மறுநாள் டில்டா பள்ளியில் நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் கிராமர் பள்ளிச் சின்னத்தை வரைகிறாள். (எழுதிப் பார்த்தேன். கிழித்துவிட்டேன்.)

இ. டில்டாவுக்கு முன்பே தெரியும். தர்க்கத் தாளில் கடைசிப் பக்கத்தைத் தொடவே இல்லை என்று அவளே சொல்கிறாள். அம்மாவின் சந்தோஷத்துக்காகத்தான் குதித்தேன் என்கிறாள். (இதைப் படித்து நீங்கள் உருகுவீர்கள். ஆனால் பெரியவர்களின் குற்றத்தைக் கழுவப் பிள்ளையை ஞானியாக்குவது சோம்பேறி எழுத்தாளரின் வேலை. டில்டாவுக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்குப் பத்து வயசு. அம்மா பாஸ் என்றாள், அவள் நம்பினாள்.)

மூன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. சமையலறையில் நான் இல்லை, அங்கே நடந்ததெல்லாம் என் கற்பனை. மாடிப்படியைத் தாண்டி அந்தக் கற்பனையும் ஏற மறுக்கிறது.

8

சுற்றி வளைத்தது போதும்.

பக்கத்து நாற்காலித் தாய் நான்தான்.

என் மகன் கவினுக்கு நான்கு மணிக்கே வந்துவிட்டது. மொத்தம் 329. மூன்று மார்க் போதவில்லை. இரண்டு வருஷம், வாரம் இரண்டு நாள், போக வர இருபத்தைந்து மைல். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தபோது லோர்னா ஃபோனை நீட்டினாள். முதலில் கூட்டிப் பார்த்தேன், 343, பற்றி எரிந்தது. அடுத்த கணம் 104 கண்ணில் பட்டது. விதி எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று நாகரிகமாகச் சொல்ல வழி தேடினேன். கிடைக்கவில்லை. நிம்மதியாக இருந்தது. அப்பாடா, என் பிள்ளை மட்டும் இல்லை என்று இருந்தது.

அதனால்தான் 'கூட்டல் சரிதான்' என்றேன். அது பொய் இல்லை பாருங்கள். அந்த மூன்று விநாடியில், பொய்யும் இல்லாத, உதவியும் செய்யாத ஒரு வாக்கியத்தைத் தேடிப் பிடித்திருக்கிறேன். எழுத்தாளராக என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக ஒரு வாக்கியம் அமைந்ததில்லை.

"கொஞ்சம் இரு லோர்னா, கீழ தள்ளிப் பாரு" என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பிள்ளை தண்ணீரிலேயே இருந்திருக்கும்.

9

அன்று மாலை ஆறரைக்கு லோர்னாவிடமிருந்து செய்தி வந்தது. இது கற்பனை இல்லை, இப்போதும் ஃபோனில் இருக்கிறது.

"டில்டாகிட்ட இன்னும் சொல்லல. மாடிப்படில உக்காந்திருக்கேன். போறதுக்கு முன்னாடி ஒன்னு மட்டும் தெரியணும். ஃபோன நீட்டினப்ப நீ அந்த நூத்தி நாலைப் பார்த்தியா?"

உடனே திறந்து படித்துவிட்டேன். படித்தேன் என்பதற்கான இரண்டு நீலக் குறிகளும் அவளுக்குப் போய்விட்டன. பதில் போகவில்லை. அவள் எத்தனை நேரம் அந்தப் படியில் காத்திருந்தாள், பிறகு மேலே போய் எந்த வார்த்தையில் தொடங்கினாள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் டில்டா பள்ளிக்கு வரவில்லை என்று கவின் சொன்னான். திங்கட்கிழமை வந்தாளாம். "உனக்கு எவ்ளோ?" என்று இவனிடம் கேட்டாளாம். சொன்னானாம். "அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே ஸ்கூல்தான்" என்றாளாம்.

ஆக, அடுத்த செப்டம்பரிலிருந்து நானும் லோர்னாவும் ஒரே வாசலில் நிற்கப் போகிறோம், ஐந்து வருஷமோ ஏழு வருஷமோ. அவர்கள் நீச்சலைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிக்கொண்டார்கள். பள்ளியை அப்படி மாற்ற முடியாது.

கடைசிப் பத்தி ஒன்று எழுதி வைத்திருந்தேன். அதில் நான் அவள் வீட்டுக் கதவைத் தட்டுவேன், அவள் —

இல்லை. நான் தட்டவில்லை. செய்தியின் கீழே 'பார்த்தேன்' என்று அடித்து வைத்திருக்கிறேன். ஐந்து வாரமாக அந்த ஒரு சொல் அனுப்பப்படாமல் அப்படியே நிற்கிறது. இவ்வளவு நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்துவிட்டீர்கள். இந்தாருங்கள் ஃபோன், நீங்கள் அனுப்புங்கள்.